காவிரி டெல்டாவில் மாடியில் சோலார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தாருக்கு,

வேதாரண்யம் தொடங்கிப் பேராவூரணி வரை கடலை ஒட்டிய ஊர்களில், வீட்டு மாடியில் சோலார் பேனல் போட்டிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்றானதும் நம் பக்கத்திலும் பல மாடிகளில் பேனல் ஏறிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் குறைந்திருக்கிறது. நல்ல காரியம்தான் செய்திருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். அடுத்த புயலில் கம்பங்கள் சாய்ந்து, பத்து நாள், இருபது நாள் லைன் வராமல் போனால் உங்கள் வீட்டில் விளக்கு எரியுமா?

"அதுதான் சோலார் இருக்கிறதே" என்பது உங்கள் பதிலானால் தயவுசெய்து மேலே படியுங்கள். பெரும்பாலான வீடுகளில் எரியாது. உச்சி வெயில் பேனல்மீது கொளுத்திக்கொண்டிருக்கும்போதும் எரியாது.

மானியத்தில் வந்தவற்றில் பெரும்பகுதி ஆன்-கிரிட் வகை. அந்த இன்வெர்ட்டர் ஈ.பி. லைனில் வரும் மின்சாரத்தைப் பார்த்து, அதன் தாளத்தோடு சேர்ந்துதான் ஓடும். லைன் போன இரண்டு நொடிக்குள் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இது கோளாறு கிடையாது, சட்டப்படி இருந்தே ஆக வேண்டிய பாதுகாப்பு. லைன் செத்துவிட்டது என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறும்போது, உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் தெருக்கம்பிக்குப் போகக் கூடாது. வீட்டிலிருந்து பின்னோக்கிப் போகும் 230 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினால் மறுபக்கம் 11,000 வோல்ட்டாக மாறும். ஒரு உயிரை எடுக்க அதில் நூறில் ஒரு பங்கு போதும். எனவே இன்வெர்ட்டர் நிற்பது சரி. பேனல் பொருத்திய நாளில் இதை யாராவது உட்காரவைத்து உங்களுக்கு விளக்கினார்களா என்பதுதான் என் கவலை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளா முதலான பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின்வாரிய ஊழியர்கள் வந்து, சேற்றுவயலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் உள்கிராமங்களுக்கு லைன் வர வாரக்கணக்கானது. அந்த நாட்களில் நாம் எதற்கெல்லாம் அலைந்தோம்? முதலில் தண்ணீர். மேல்நிலைத் தொட்டியில் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, தெருத்தெருவாகக் காசு சேர்த்து ஏற்றினோம். அடுத்து போன் சார்ஜ். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் போனது. பிறகு மருந்து, கொசு, இருட்டு. அரிசி எப்படியோ வந்து சேர்ந்தது. மின்சாரம் வரவில்லை.

அன்று நம் தெருக்களில் சோலார் அபூர்வம். இன்று இருக்கிறது. ஆனால் அடுத்த கஜாவில் அது வெறும் கண்ணாடியாகப் படுத்துக் கிடக்கும், இப்போதே ஒரு மாற்றம் செய்யாவிட்டால்.

அந்த மாற்றத்துக்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புயல் காலத்தில் வீட்டுக்கு என்ன வேண்டும் என்பதும், எப்போதும் என்ன ஓடுகிறது என்பதும் ஒன்றில்லை. ஏ.சி., கீசர், இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடலாம். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, இரவு ஆறு மணி நேரம். முப்பது வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி இரண்டு, இரவு முழுக்க. போன்கள், ஒரு சின்ன ரேடியோ. எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட்டைத் தொடாது. சிறிய ஃபிரிட்ஜ் ஓட வேண்டுமென்றால் மேலும் ஏறக்குறைய ஒரு யூனிட். ஆக நாளுக்கு இரண்டு யூனிட் இருந்தால் ஒரு குடும்பம் மானமாக இருந்துவிடலாம். உங்கள் மின்விசிறி எழுபது எழுபத்தைந்து வாட் இழுக்கும் பழைய வகையென்றால் முதலில் படுக்கையறையில் ஒன்றையாவது மாற்றுங்கள். பேட்டரி வாங்குவதைவிட மலிவான வழி அது.

இனி வரவு. மூன்று கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் போலக் கொடுக்கும். ஆனால் நம் புயல்கள் வருவது ஐப்பசி கார்த்திகையில். வானம் மூடிக்கிடக்கும் நாளில் அது ஐந்தில் ஒரு பங்காகவும், அதற்குக் கீழும் இறங்கிவிடும். அப்படியும் இரண்டு யூனிட் போல வரும். தேவையும் இரண்டு. இந்தப் பொருத்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். நாற்பத்தெட்டு வோல்ட், நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய ஐந்து யூனிட் நிற்கும். வெயிலே வராவிட்டாலும் இரண்டு நாள் தள்ளிவிடலாம். புயல் கரையேறி ஓரிரு நாளில் பெரும்பாலும் வானம் வெளுத்துவிடும். அதன்பிறகு எத்தனை வாரம் லைன் வராவிட்டாலும் உங்களுக்குக் கவலை இல்லை. லித்தியத்திலும் இரும்பு பாஸ்பேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். அது எளிதில் தீப்பிடிக்காது, உழைப்பும் கூடுதல்.

இருக்கும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் போடுவது முழுமையான வழி. லைன் இருக்கும்போது பழையபடி நெட் மீட்டரில் ஓடும். லைன் போனால் தெருக்கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, வீட்டுக்குள் மட்டும் மின்சாரம் கொடுக்கும். மின்வாரியத்துக்குத் தெரிவித்து அனுமதி பெற்றுத்தான் மாற்ற வேண்டும். செலவு கணிசமாகவே ஆகும். எல்லோராலும் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன்.

முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பல ஆண்டுகளுக்கு முன் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில் நம்மில் பலர் வீட்டு யு.பி.எஸ். வாங்கினோம். அந்த 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி இன்றும் கூடத்து மூலையில் நிற்கிறது. லைன் இருந்தால்தான் அது சார்ஜ் ஏறும். அதனால் புயலில் முதல் இரவோடு சரி, அப்புறம் அது வெறும் கனம். அதற்கென்று தனியாக ஒன்றோ இரண்டோ பேனலும், நல்ல எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்றும் போட்டால், லைனே இல்லாமல் ஒவ்வொரு பகலும் அது நிறையும். டியூபுலர் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் நிஜமாகக் கிடைப்பது ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவுதான். விளக்குக்கும் விசிறிக்கும் போனுக்கும் அது போதும். டிஸ்டில்ட் வாட்டர் அளவை ஆவணியிலேயே பாருங்கள். நான்கைந்து ஆண்டு கடந்த பேட்டரியென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லோடு வைத்துச் சோதியுங்கள். மாடியில் ஏற்கெனவே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை இந்தப் பழைய யு.பி.எஸ்.ஸோடு இணைத்துப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். யு.பி.எஸ். எரியும், தீயும் பிடிக்கலாம்.

2011இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் கட்டிய வீடுகளையும் இங்கே சொல்ல வேண்டும். சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்கோடு கொடுக்கப்பட்ட சிறிய வீடுகள் அவை. பேட்டரி தீர்ந்துபோய், பேனல் மட்டும் கூரையில் சும்மா இருக்கும் வீடு உங்கள் ஊரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பேட்டரி நான்கைந்து ஆண்டுதான். பேனல் இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். ஒரு சின்ன பேட்டரி மாற்றினால் அந்த வீட்டுக்கு மறுபடி வெளிச்சம் வரும். மானியப் பேனல் போட வசதியில்லாத குடும்பங்கள் இருக்கும் தெருவில் இதைவிடக் குறைந்த செலவில் வேறெதுவும் செய்ய முடியாது.

எந்த வழியானாலும் வீட்டு ஒயரிங்கில் ஒரு வேலை கட்டாயம். அவசியமான விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், போன் சார்ஜ் செய்யும் பிளக் ஆகியவற்றுக்குத் தனி லைன் இழுத்து, பேட்டரி அதற்கு மட்டும் கொடுக்கும்படி பிரியுங்கள். இல்லாவிட்டால் யாரோ பழக்கத்தில் ஒரு சுவிட்சைத் தட்ட, இரவுக்கான மின்சாரம் சற்று நேரத்தில் போய்விடும். வீட்டுப் போர் மோட்டாரை இந்த லைனில் சேர்க்காதீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது முக்கால் கிலோவாட்டுக்கும் மேல், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் அதிலேயே படுத்துவிடும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒருபோதும் வீட்டு லைனில் கொடுக்காதீர்கள். கஜாவில் நமக்காக ராப்பகலாக உழைத்த அந்த லைன்மேன்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அச்சம் இருக்கிறது. மாடியைப் புழங்க வேண்டும் என்பதற்காக எட்டடி, பத்தடி உயரத்தில் இரும்புக்கால் நட்டுப் பேனல் ஏற்றியிருக்கிறோம். காற்றுக்கு அது கப்பல் பாய் மாதிரி. கஜாவின் காற்று மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டருக்கும் மேல். கால்கள் மாடித் தளத்தில் ஆழமாகப் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றனவா, கான்கிரீட் கட்டையில் சும்மா நிற்கின்றனவா என்று இன்றே போய்ப் பாருங்கள். கட்டை மட்டும்தான் என்றால் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, குறுக்குக் கம்பியும் கொடுத்துப் பலப்படுத்துங்கள். உப்புக்காற்றில் போல்ட் துருப்பிடிக்கும். வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும். துருவைத் தேய்த்துப் பூச்சு அடிக்கவும், தளர்ந்த கிளாம்புகளை இறுக்கவும் மழைக்கு முன்னால்தான் முடியும். புயல் எச்சரிக்கை வந்தபிறகு ஈரமாடியில் ஏறிப் பேனல் கழற்றப் போகாதீர்கள். மாடியை ஒட்டி நிற்கும் தென்னையில் காய்ந்த மட்டையையும் நெற்றையும் இப்போதே இறக்குங்கள். உங்கள் பேனல் பறந்தால் நஷ்டம் உங்களோடு நிற்காது, பக்கத்துக் கூரை வீட்டின்மேல் போய் விழும்.

இன்வெர்ட்டரும் பேட்டரியும் எங்கே இருக்கின்றன? பல வீடுகளில் போர்டிகோ சுவரில், இடுப்பு உயரத்தில். உங்கள் தெருவில் கடைசியாக வெள்ளம் ஏறிய உயரத்தைப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு இரண்டடி மேலே ஏற்றுங்கள். கடல்நீர் புகுந்த லித்தியம் பேட்டரி நாட்கள் கழிந்தும் தீப்பிடிக்கலாம். நனைந்துவிட்டால் வீட்டுக்குள் வைக்காதீர்கள், ஆள் பார்த்துச் சொல்லும்வரை ஓட்டவும் கூடாது. உடைந்த பேனலானாலும் வெயில் படும்வரை அதிலிருந்து வரும் டி.சி. ஒயரில் சில நூறு வோல்ட் இருந்துகொண்டே இருக்கும், மெயின் இறக்கினாலும் போகாது. புயலுக்கு மறுநாள் அறுந்து தொங்கும் அந்த ஒயரைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் உங்கள் வீட்டுக்கு. ஆனால் ஒரு தெருவில் நாற்பது வீடு இருந்து, ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? எல்லோரும் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். வரவும் வேண்டும். அந்தப் பேனலில் பொதுப்பணம் இருக்கிறது, மானியமாக.

புவேர்ட்டோ ரிக்கோ தீவில் 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி அடித்து மின்கட்டமைப்பே சரிந்தது. தீவு முழுவதற்கும் மின்சாரம் திரும்ப ஏறக்குறைய பதினோரு மாதம் ஆனது. அங்கே அட்ஹுன்டாஸ் என்ற மலையூரில் காசா புவெப்லோ என்ற மக்கள் அமைப்பு இருக்கிறது. சுரங்கத் திட்டம் ஒன்றை எதிர்த்து 1980இல் தொடங்கியது அது. 1999 முதலே தன் கட்டடத்தில் சோலாரும் பேட்டரியும் வைத்திருந்தது. ஊர் இருண்ட பிறகு அந்த ஒரு கட்டடம்தான் ஊருக்கே போன் சார்ஜ் செய்யும் இடம், மூச்சுக்கருவி ஓட்டும் இடம், சூரிய விளக்கு வாங்கிப் போகும் இடம். 2022இல் ஃபியோனா சூறாவளி வந்து தீவு மறுபடி இருண்டபோதும் அங்கே விளக்கு எரிந்தது. அடுத்த ஆண்டு ஊர்ச் சதுக்கத்துக் கடைகளைச் சேர்த்து, லைன் போனாலும் தனியாக ஓடும் மைக்ரோகிரிட் ஒன்றையும் அமைத்துவிட்டார்கள். நம்மைப் போலவே விவசாய ஊர், நம்மைப் போலவே காற்றுக்குப் பழகிய மக்கள். ஒரு கட்டடத்தை ஊருக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்ததுதான் அவர்கள் செய்தது.

நாமும் செய்யலாம். உங்கள் தெருவில் சோலார் உள்ள இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் ஒரு மாலை உட்காருங்கள். வாசல் திண்ணையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, பகல் பத்திலிருந்து மூன்று மணிவரை. அப்போதுதான் பேனல் நேரடியாகக் கொடுக்கும், இரவுக்கான பேட்டரி குறையாது. ஒரு போன் நிறைய பதினைந்து வாட்-மணி போதும். நாற்பது வீட்டுப் போனும் சேர்ந்து ஒரு யூனிட்டுக்குள்தான். அதற்குக் காசு வாங்காதீர்கள். கஜாவில் போன் சார்ஜுக்குக் காசு கேட்டவர்களை ஊர் இன்னும் மறக்கவில்லை.

அதைவிட முக்கியம், யாருக்கு மின்சாரம் உயிர்ப்பிரச்சினை என்று முன்பே தெரிந்துவைத்திருப்பது. நெபுலைசர் வைத்திருக்கும் பிள்ளை, நிறைமாதக் கர்ப்பிணி, இன்சுலின் போடும் பெரியவர். இன்சுலினைப் பொறுத்தவரை பயன்பாட்டில் இருக்கும் புட்டி பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் போலத் தாங்கும். திறக்காத கையிருப்புக்குத்தான் ஃபிரிட்ஜ் கட்டாயம். உங்களுடையது எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் ஓடும் ஒரே ஃபிரிட்ஜில் ஒரு டப்பாவைப் பெயர் எழுதி அதற்கென்று ஒதுக்கினால் போதும். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வேறு விஷயம். ஐந்து லிட்டர் கருவி முன்னூறு வாட் போல இழுக்கும், ஒரு நாளுக்கு ஏழு யூனிட். மேகமூட்டத்தில் எந்த வீட்டுச் சோலாராலும் அதைத் தாங்க முடியாது. அப்படிப்பட்ட நோயாளியைப் புயல் கரையேறுவதற்கு முன்பே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் சரி. நம்பிக்கை கொடுத்து வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

தண்ணீருக்கு வீட்டுச் சோலார் உதவாது. வயலில் இருக்கும் சோலார் பம்ப்செட் உதவும். அரசு மானியத்தில் விவசாயிகளுக்குக் கொடுத்த தனித்தியங்கும் பம்ப்செட்டுக்கு ஈ.பி. லைனே தேவையில்லை. வெயில் வந்தால் ஓடும். வேதாரண்யம் பக்கத்துக்குக் குடிநீர் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. வழியில் எங்கோ கரண்ட் போனால் நம் குழாய் காய்ந்துவிடும். ஊருக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் வரும் சோலார் பம்ப்செட் எது, அந்த விவசாயி புயல் நாட்களில் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கச் சம்மதிப்பாரா, டேங்கரோ டிராக்டரோ அந்த வரப்புவரை போகுமா என்று இப்போதே பேசி வையுங்கள். தண்ணீரைச் சோதனைக்கும் கொடுத்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் பஞ்சாயத்தில் இருக்கட்டும்.

மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள். காலையில் ஈ.பி. மெயினை இறக்கிவிட்டு மறுநாள் காலைவரை ஏற்றாமல் இருங்கள். எந்த விளக்கு தப்பான லைனில் இருக்கிறது, ஃபிரிட்ஜ் கிளம்பும்போது இன்வெர்ட்டர் சத்தமிடுகிறதா, பேட்டரி இரவு எத்தனை மணிக்குத் தீர்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். பொருத்தியவர் அலைபேசியை எடுக்கும் காலம் அது. புயலுக்குப் பிறகு எடுக்க அவருக்கு டவரே இருக்காது.

கடைசியாகப் பஞ்சாயத்து. நிவாரண முகாமாகத் திறக்கும் பள்ளிக்கூடம், புயல் பாதுகாப்பு மையம், ஆரம்ப சுகாதார நிலையம், மேல்நிலைத் தொட்டி மோட்டார் ஆகிய நான்குக்கும் பேட்டரியோடு கூடிய சோலார் வேண்டும் என்று ஆகஸ்ட் 15 கிராம சபையில் கேளுங்கள். ஏற்கெனவே பேனல் இருக்கும் கட்டடமென்றால் அது ஆன்-கிரிட்டா, லைன் போனால் ஓடுமா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பல இடங்களில் அதற்கே தெளிவான பதில் வராது. பராமரிப்புக்கு யார் பொறுப்பு, பேட்டரி மாற்றப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதும் தீர்மானத்தில் இருக்கட்டும். பேனல் வாங்க நிதி கிடைத்து, ஐந்தாம் ஆண்டில் பேட்டரிக்கு நிதியில்லாமல் போவதை நாம் தெருவிளக்குகளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தீர்மான நகலைக் கையோடு வாங்கி வையுங்கள். அக்டோபர் 2 கிராம சபை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வரும். அன்று அந்த நகலோடு போய், எது முடிந்தது, எது முடியவில்லை என்று கேளுங்கள். முடியாதவற்றுக்கு அந்த ஆண்டு மழைக்காலத்தில் மட்டும் ஜெனரேட்டரும் டீசலும் எங்கிருந்து வரும் என்பதையும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து உங்களில் ஒருவர்